ஹார்வர்டு தீர்ப்புக்குப் பிறகு: கணக்கைக் காட்டாத சேர்க்கை

கேள்வி இதுதான்: 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அப்படியானால் இனி மார்க் மட்டும்தானே பேசும்? ஆசியப் பிள்ளைகளுக்கு நடந்த அநியாயம் தீர்ந்ததா? நம்மூர் இட ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது போலத்தானே இது?

வரிசைப்படி பதில்: இல்லை, தெரியாது, இல்லை. நடுவில் நிற்கும் அந்தத் 'தெரியாது'வில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் மூன்றாவதை முடித்துவிடலாம். அந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்ற எதுவும் புரியாது.

தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சிலிங் என்றால் இடங்களின் எண்ணிக்கை தெரியும், அதில் 69 விழுக்காடு யார் யாருக்கு எவ்வளவு என்று சட்டத்தில் இருக்கிறது, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, ரேங்க் பட்டியல் வெளியாகிறது. சண்டை எதைப் பற்றி? எந்தச் சாதி எந்தப் பட்டியலில், எத்தனை விழுக்காடு என்பதைப் பற்றி. ஒரு மாணவிக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டலாம். அமெரிக்காவில் இனத்துக்கென்று இடம் ஒதுக்குவது 1978-லேயே சட்டவிரோதமாகிவிட்டது. 2023-இல் எடுக்கப்பட்டது ஒதுக்கீடு அல்ல. விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் இனம் ஒரு சிறு பலமாக இருக்கலாம் என்ற அனுமதி மட்டுமே எடுக்கப்பட்டது.

சட்ட அடித்தளமும் வேறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-இல் செல்லாது என்றதும், அதே ஆண்டு முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு அரசமைப்பிலேயே ஏறியது. அமெரிக்க அரசமைப்பில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அங்கே இருப்பது உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-ஆம் திருத்தத்தின் 'சமப் பாதுகாப்பு' வாசகமும், 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதியும்தான். இரண்டாவது, ஒன்றிய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் என்பதால் ஹார்வர்டு போன்ற தனியார் கல்லூரிகளும் அதில் சிக்குகின்றன. ஐம்பது ஆண்டு வழக்குகள் எல்லாமே இந்த ஓரிரு வாக்கியங்களை எப்படிப் படிப்பது என்ற சண்டைதான்.

முதல் பெரிய வழக்கு ஆலன் பாக்கியுடையது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரியில் 100 இடங்கள். அதில் 16 சிறுபான்மையினருக்கான தனி வழியில் நிரப்பப்பட்டன. வெள்ளையரான பாக்கி 1973, 1974 இரண்டு ஆண்டும் விண்ணப்பித்து, இரண்டு முறையும் இடம் கிடைக்காமல் போனார். தனி வழியில் சேர்ந்த பலரைவிட அவருடைய மதிப்பெண்கள் உயர்ந்தவை, அதில் சந்தேகமில்லை.

ஆனால் 'அந்த 16 இல்லாவிட்டால் எனக்குக் கிடைத்திருக்கும்' என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1973-இல் மொத்த விண்ணப்பங்கள் 2,464. அவற்றில் தனி வழிக்கு வந்தவை 297. மீதி 2,167 பேர் 84 இடங்களுக்குப் போட்டியிட்டார்கள்: நூற்றுக்கு 3.9 பேருக்குத்தான் இடம். தனி வழியே இல்லாமல் எல்லோரும் 100 இடங்களுக்கு நின்றிருந்தால்? நூற்றுக்கு 4.1. அந்த 16 இடங்களையும் பொது வழிக்காரர்களுக்கே தூக்கிக் கொடுத்திருந்தால்கூட 4.6-தான். இரண்டாயிரம் பேருக்கும் மேல் கைநழுவிய இடத்தை ஒவ்வொருவரும் 'அது என் இடம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள், இருப்பது 16-தான். பாக்கிக்கு ஒரு வலுவான வாதம் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்: முதல் ஆண்டு அவருடைய மனு தாமதமாக வந்தது, பொது வழி அதற்குள் இறுகிவிட்டது, ஆனால் தனி வழியில் நான்கு இடங்கள் அப்போதும் காலியாக இருந்தன. அவற்றுக்கு அவரைப் பரிசீலிக்கவே இல்லை. சராசரிக் கணக்கு வேறு, ஒரு மனிதரின் வழக்கு வேறு. இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் தமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

1978 ஜூனில் ஒன்பது நீதிபதிகள் நான்கு, நான்கு என்று பிரிந்தார்கள். நடுவில் நின்ற நீதிபதி பவல் எழுதியதே சட்டமானது. எண்ணிக்கை வைத்து இடம் ஒதுக்கக்கூடாது. ஆனால் இனத்தை 'பல காரணிகளில் ஒன்றாக'ப் பார்க்கலாம். ஏன் பார்க்கலாம்? அடிமைமுறைக்கும் பிரிவினைச் சட்டங்களுக்கும் ஈடாகவா? இல்லை. சமூகத்தில் பொதுவாக நடந்த அநீதிக்குக் கல்லூரி பரிகாரம் செய்ய முடியாது என்று அந்தக் கதவை அவர் சாத்திவிட்டார். வகுப்பறையில் பலதரப்பட்டவர்கள் இருந்தால் எல்லோருடைய கல்வியும் சிறக்கும் என்ற 'பன்மை' மட்டுமே ஏற்கத்தக்க காரணம் என்றார். எப்படிச் செய்வது என்பதற்கு முன்மாதிரியாக அவர் சுட்டிக்காட்டியது ஹார்வர்டின் முறையை. பாக்கிக்கு இடம் கிடைத்தது. 1982-இல் பட்டம் பெற்றார். நம் மொழியில் பாக்கி என்றால் நிலுவை. வழக்கும் அப்படித்தான் ஆனது.

இந்தப் 'பன்மை' என்ற காரணம் பின்னால் செய்த கேடு கொஞ்சமல்ல என்பது என் கருத்து. பரிகாரம் என்றால் யாருக்கு, எதற்கு, எதுவரை என்று கேள்வி வரும். பதிலும் சொல்ல வேண்டியிருக்கும். பன்மை என்றால் எந்தக் கேள்விக்கும் திட்டமான பதில் தேவையில்லை. பல தலைமுறையாக மிசிசிப்பியில் வாழும் கறுப்பினத் தொழிலாளியின் மகளும், நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவரின் மகனும் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். எதிரே 'ஆசியர்' என்ற கட்டத்தில் சிலிக்கன் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பொறியாளரின் பிள்ளையும், அகதியாக வந்த கம்போடியக் குடும்பத்தின் பிள்ளையும் ஒன்றாகத் திணிக்கப்படுகிறார்கள். இதைச் சரிசெய்யும் கட்டாயம் எந்தக் கல்லூரிக்கும் இருக்கவில்லை.

அடுத்து 2003-இல் மிச்சிகன். இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்லூரி 150 புள்ளிக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது. 100 எடுத்தால் பெரும்பாலும் இடம் உறுதி. பள்ளி மதிப்பெண்ணுக்கு அதிகபட்சம் 80. கல்லூரிச் சேர்க்கைக்காக நாடு முழுக்க எழுதப்படும் எஸ்.ஏ.டி. தேர்வில் முழு மதிப்பெண் எடுத்தால் 12. மாநிலத்தவர் என்றால் 10. பெற்றோர் அங்கே படித்திருந்தால் 4. பிரதிநிதித்துவம் குறைந்த சிறுபான்மையினருக்கு 20. ஏழ்மைப் பின்னணிக்கும் 20. உதவித்தொகை பெறும் விளையாட்டு வீரருக்கும் அதே 20. இவற்றில் ஏதாவது ஒன்றுதான் எடுக்கலாம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். பிடிக்கிறதோ இல்லையோ, எண் கண்முன் இருக்கிறது. 20 அதிகம், 10 போதும் என்று வாதாடலாம். எஸ்.ஏ.டி.-க்கு வெறும் 12-ஆ என்று கோபப்படலாம்.

அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் புள்ளி கிடையாது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் 'முழுமையாக'ப் படிப்போம், சிறுபான்மையினர் 'போதுமான அளவு' இருக்கும்படி பார்த்துக்கொள்வோம் என்றார்கள். போதுமான அளவு என்றால் எவ்வளவு? சொல்லவில்லை.

2003 ஜூன் 23, ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு. புள்ளி போட்டுக் காட்டிய கல்லூரி 6-க்கு 3 என்று தோற்றது. எண்ணே சொல்லாத சட்டக் கல்லூரி 5-க்கு 4 என்று வென்றது. தனித்தனியாக மதிப்பிட வேண்டும், இயந்திரம் போல 20 புள்ளி கொடுக்கக்கூடாது என்பது காரணம். வெளிப்படையாகச் செய்வதைத் தடுத்தால் கண்ஜாடையிலும் மறைமுகமாகவும் செய்வார்கள், அதைவிட இது மேல் அல்லவா என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார். நாடு முழுக்கச் சேர்க்கை அலுவலகங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: செய், ஆனால் எண்ணாக எழுதி வைக்காதே.

எழுதி வைக்காமல் எப்படிச் செய்கிறார்கள் என்பது ஹார்வர்டு வழக்கில்தான் வெளியே வந்தது. எட்வர்டு பிளம் என்பவர் அமைத்த 'ஸ்டூடண்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ்' என்ற அமைப்பு 2014-இல் வழக்குப் போட்டது. 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை நடந்தபோது ஆவணங்கள் கொட்டின. நடைமுறை இப்படி:

விண்ணப்பத்தை முதலில் படிப்பவர் கல்வி, கல்விசாரா ஈடுபாடு, விளையாட்டு, தனிப்பண்பு, ஆசிரியர் பரிந்துரை, ஒட்டுமொத்தம் என்று 1 முதல் 6 வரை தரம் போடுகிறார். 1 மிகச் சிறந்தது. பிறகு வட்டாரவாரியாகப் பிரித்த துணைக்குழு. அதன் பிறகு ஏறத்தாழ 40 பேர் கொண்ட முழுக்குழு. ஒவ்வொரு பெயரும் பேசப்பட்டு வாக்கெடுப்பு. எடுக்க நினைத்தவர்கள் எண்ணிக்கை இடத்தைவிட அதிகமானால் கடைசியாக ஒரு கழிப்புப் பட்டியல். அந்தப் பட்டியலில் நான்கே தகவல்கள்: பழைய மாணவரின் பிள்ளையா, விளையாட்டுக்காகத் தேடி எடுத்தவரா, நிதியுதவிக்குத் தகுதி உண்டா, இனம் என்ன.

'மார்க் மட்டும் பார்த்தால் என்ன' என்பதற்கும் அங்கேயே பதில் கிடைத்தது. ஓர் ஆண்டில் 35,000 விண்ணப்பங்கள், சுமார் 1,600 இடங்கள். விண்ணப்பித்தவர்களில் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் 2,700. பள்ளி மதிப்பெண்ணில் முழுமை 8,000-க்கும் மேல். தேர்வுகள் பிரித்தறியும் எல்லை அதோடு முடிந்துவிடுகிறது. நம்மூரில் இந்த நிலை வந்தால் பிறந்த தேதி, ரேண்டம் எண் என்று போய்விடுகிறோம். அங்கே அந்த வெற்றிடத்தில் மனித விருப்பு வெறுப்பு வந்து உட்கார்கிறது.

இனி ஆசியர் பிரச்சினை. 2014 முதல் 2019 வரை பட்டம் பெறவிருந்த அணிகளின் தரவுகளை எடுத்து, மதிப்பெண் அடிப்படையில் விண்ணப்பதாரர்களைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்தார்கள். உச்சப் பகுதியில் இருந்த கறுப்பின மாணவர்களில் 56.1 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 31.3, வெள்ளையரில் 15.3, ஆசியரில் 12.7. கீழிருந்து நான்காவது பகுதியில் இருந்த கறுப்பின மாணவருக்குக்கூட வாய்ப்பு 12.8 விழுக்காடு. இதைச் 'சிறு பலம்' என்று கூறுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. ஹார்வர்டை ஆதரித்தவர்கள் இந்த அட்டவணையைக் கண்டு நெளிந்ததில் வியப்பில்லை.

'தனிப்பண்பு' தரத்தில் ஆசியர்களுக்குச் சராசரியாகக் குறைவாக விழுந்ததும் அம்பலமானது. துணிவு, கனிவு, மற்றவர் விரும்பும் இயல்பு: இதற்கெல்லாம் எண் போடுவது யார்? பெரும்பாலும் அந்த மாணவரை நேரில் பார்த்திராத அலுவலர். விசாரணை நீதிபதி அலிசன் பரோஸ் இந்த வேறுபாடு இருப்பதை ஏற்றார். ஆனால் வேண்டுமென்றே ஒடுக்கியதற்குச் சான்று இல்லை என்று 2019-இல் ஹார்வர்டு பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறுப்பின மாணவருக்கு முன்னுரிமை கொடுப்பது ஒன்று. வெள்ளையரோடு ஒப்பிடும்போது ஆசியருக்குக் குறைத்துப் போடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே வழக்கில் கட்டினார்கள். முதலாவதை ஒழித்தால் இரண்டாவது தானாக ஒழியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் அது இனக் கட்டத்தில் இல்லை, தனிப்பண்புக் கட்டத்தில் இருக்கிறது.

அதே ஆவணங்களில் இன்னொரு வரிசை இருந்தது. பேச்சில் அது குறைவாகவே அடிபட்டது. விளையாட்டுக்காக எடுக்கப்படுவோர், பழைய மாணவரின் வாரிசுகள், நன்கொடையாளர் பிள்ளைகள் போன்றோர் அடங்கிய டீன் பட்டியல், ஆசிரியர் மற்றும் ஊழியர் பிள்ளைகள். இந்த நான்கு வகையும் சேர்ந்து விண்ணப்பங்களில் சுமார் 5 விழுக்காடுதான். இடம் பெற்றவர்களில் ஏறத்தாழ 30. வாரிசுகளில் மூன்றில் ஒருவருக்கு இடம். மற்றவர்களில் பதினேழில் ஒருவருக்கு. இடம் பெற்ற வெள்ளையரில் 43 விழுக்காட்டினர் இந்த நான்கில் ஏதோ ஒன்றின் வழியே வந்தவர்கள். மற்ற இனங்களில் இது 16-க்கும் கீழ். வாதி தரப்பு நிபுணரான பொருளியலாளர் ஆர்சிடியாகோனோ பின்னர் வெளியிட்ட ஆய்வில், அந்த வெள்ளையரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குச் சாதாரண விண்ணப்பதாரராக வந்திருந்தால் இடம் கிடைத்திராது என்றார். ஆசியப் பிள்ளையின் இடம் எங்கே போனது என்று தேடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

இந்த 'முழுமை மதிப்பீடு' எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் தேர்வு எழுதிச் சேர்ந்த யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். தலைவர் லோவல் 1922-இல் 15 விழுக்காடு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியது, கைவிட்டார். 1926-இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: நன்னடத்தை, ஆளுமை, எந்த ஊர், புகைப்படம் ஆகியவற்றையும் பார்த்துச் சேர்ப்பது. யூதர் எண்ணிக்கை குறைந்தது. எந்த விதியிலும் யூதர் என்ற சொல் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து அதே கருவியைக் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கப் பயன்படுத்தினார்கள். கருவி மாறவில்லை, கைதான் மாறியது.

2023 ஜூன் 29 தீர்ப்பு, பிளம்மின் அமைப்பு வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மீதும் போட்டிருந்த வழக்கில் 6-க்கு 3. ஹார்வர்டு வழக்கில் நீதிபதி ஜாக்சன் விலகியதால் 6-க்கு 2. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். நோக்கம் அளக்க முடியாதது, இனப்பிரிவுகள் தாறுமாறானவை, முடிவுத் தேதி இல்லை என்பவை முக்கியக் காரணங்கள். மூன்றுமே நியாயமான குறைகள். ஆனால் மூன்றையும் வளர்த்துவிட்டது 1978-உம் 2003-உம்தான் என்பதை மறக்கக்கூடாது. கூடவே ஒரு வாசலைத் திறந்தும் வைத்தார்: தன் வாழ்க்கையை இனம் எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால், அது அவருடைய துணிவையோ திறமையையோ காட்டும் அளவுக்குப் பார்க்கலாம். அடுத்த வாக்கியத்தை ஒட்டியே, தடுத்ததைக் கட்டுரை வழியாகப் பின்வாசலில் செய்யக்கூடாது என்றும் எச்சரித்தார். எந்தப் புள்ளியில் முன்வாசல் முடிந்து பின்வாசல் தொடங்குகிறது? அது மறுபடியும் படிப்பவரின் மனதுக்குள்.

விளைவைப் பாருங்கள். விசாரணையின்போது, இனத்தைப் பார்க்காவிட்டால் ஹார்வர்டில் கறுப்பின மாணவர் பங்கு 14-இலிருந்து 6 விழுக்காடாகச் சரியும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். தீர்ப்புக்குப் பின் 2024-இல் சேர்ந்த முதல் அணியில், எம்.ஐ.டி.-இல் முந்தைய ஆண்டுகளின் சராசரியான 13 விழுக்காடு 5 ஆனது. ஆசியர் 41-இலிருந்து 47 ஆனார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கறுப்பினத்தவர் 11-இலிருந்து 3. ஆனால் ஹார்வர்டில் 18-இலிருந்து 14 மட்டுமே. ஆசியர் 37, மாற்றமே இல்லை. யேலில் கறுப்பினத்தவர் 14 அப்படியே. ஆசியர் 30-இலிருந்து 24-ஆகக் குறைந்தார்கள். பிரின்ஸ்டனிலும் ஆசியர் இறங்கினார்கள்.

ஒரே தீர்ப்பு, ஒரே ஆண்டு, எதிரெதிர் எண்கள். யேல் ஏமாற்றுகிறது என்று சிலர், எம்.ஐ.டி. முயற்சி செய்யவில்லை என்று சிலர். எண்களை வைத்து இரண்டையும் நிரூபிக்க முடியாது. இனத்தைக் குறிப்பிடாமல் விட்ட மாணவர்கள் ஹார்வர்டில் 4-இலிருந்து 8 விழுக்காடாகவும், பிரின்ஸ்டனில் 2-க்கும் குறைவிலிருந்து 8-ஐ ஒட்டியும் கூடிவிட்டார்கள். அவர்கள் யார் என்று தெரியாமல் மற்ற விழுக்காடுகளை ஒப்பிடுவது சிக்கல். எம்.ஐ.டி. 2022-லேயே எஸ்.ஏ.டி.-யைக் கட்டாயமாக்கியிருந்தது, யேலும் ஹார்வர்டும் அந்த அணிக்கு அப்படிச் செய்யவில்லை. ஆள் தேடும் ஊர்களை மாற்றியிருக்கலாம், கட்டுரைக் கேள்விகளை மாற்றியது உறுதி. எது எவ்வளவு என்று வெளியே இருந்து பிரிக்க வழியில்லை. 'அநியாயம் தீர்ந்ததா' என்ற கேள்விக்குத் 'தெரியாது' என்று சொன்னது இதனால்தான்.

இனத்தை விட்டுவிட்டு வேறு வழியில் அதே பன்மையைப் பெறலாமே என்பார்கள். அதைச் செய்து பார்த்த மாநிலங்கள் உண்டு. டெக்சஸ் 1997-இல் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டில் வருவோருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று சட்டம் போட்டது. எளிமை, வெளிப்படை, கிராமப்புற வெள்ளை மாணவர்களுக்கும் பயன். ஆனால் அது வேலை செய்வதே பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால்தான். ஆஸ்டின் வளாகத்தில் இந்த வழியிலேயே இடங்கள் நிரம்பத் தொடங்கியதால் 2009-இல் 75 விழுக்காடு என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. இப்போது அங்கே முதல் 5, 6 விழுக்காட்டினருக்குத்தான் உறுதி. மருத்துவம், சட்டம் போன்ற மேற்படிப்புகளுக்கு இந்த முறை உதவாது. எந்தப் 'பள்ளி'யின் முதல் பத்து?

கலிபோர்னியா 1996-இல் வாக்கெடுப்பில் இனத்தைப் பார்ப்பதைத் தடை செய்தது. 1998-இல் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகங்களில் கறுப்பின, லத்தீன் மாணவர் சேர்க்கை ஏறத்தாழ பாதியானது. ஈடுகட்ட 2004 முதல் 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் வேண்டிய அளவு மீளவில்லை என்று பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மிச்சிகனும் 2006-இல் தடை செய்தது. அங்கே கறுப்பின இளநிலை மாணவர் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 2021-இல் 4 ஆனது. 'தகுதிக்கு மீறிய கல்லூரியில் சேர்த்தால் அந்தப் பிள்ளைக்கே கெடுதல்' என்ற வாதத்தையும் கலிபோர்னியாத் தரவுகள் ஆதரிக்கவில்லை: பொருளியலாளர் சகரி பிளீமரின் ஆய்வில், தடைக்குப் பின் கீழ்நிலை வளாகங்களுக்குத் தள்ளப்பட்ட மாணவர்கள் பட்டம் பெறுவதும் பிற்கால வருமானமும் குறைந்தன.

வருமானத்தைப் பார்ப்பது நல்ல மாற்று. எனக்கும் அதில்தான் சாய்வு. ஆனால் அது இனத்துக்கு ஈடாகாது. ஏழைகளில் வெள்ளையர் எண்ணிக்கை அதிகம். ஒரே வருமானமுள்ள கறுப்பினக் குடும்பத்திடம் சேமிப்பும் வீடும் மிகக் குறைவு. கல்லூரிக்கு வேறொரு கவலையும் உண்டு: ஏழை மாணவரை எடுத்தால் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்க வேண்டும். 2023-இல் செட்டி, டெமிங், ஃபிரீட்மன் மூவரும் 12 உயர்மட்டக் கல்லூரிகளை ஆராய்ந்தார்கள். ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்த நடுத்தர வர்க்கப் பிள்ளையைவிட உச்ச 1 விழுக்காட்டுப் பணக்காரப் பிள்ளை அங்கே படிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். காரணங்களாக அவர்கள் கண்டவை வாரிசு முன்னுரிமை, கல்விசாராத் தரம், விளையாட்டு. வாரிசு முன்னுரிமையை மேரிலாந்தும் கலிபோர்னியாவும் தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்து 2024-இல் தடை செய்தன. கொலராடோ, வர்ஜீனியா, இல்லினாய்ஸ் அரசுக் கல்லூரிகளில் மட்டும். ஹார்வர்டில் அது இன்னும் இருக்கிறது.

விண்ணப்பிக்கப்போகும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலில், இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியக் குடிமகன் இந்த இனக் கணக்கிலேயே வரமாட்டார். வெளிநாட்டு மாணவர் என்பது தனிப் பத்தி. ஆசியர் என்ற விழுக்காட்டில் சேர்ப்பதில்லை. அவருக்குத் தீர்ப்பைவிடப் பெரிய விஷயம் பணம். நிதியுதவி கேட்டால் பெரும்பாலான கல்லூரிகளில் வெளிநாட்டவரின் வாய்ப்பு குறையும்; கேட்பதைப் பொருட்படுத்தாமல் முடிவெடுப்பவை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பப் படிவத்தில் இனக் கட்டத்தை நிரப்பலாமா என்று தயங்குகிறார்கள். நிரப்பினாலும் விட்டாலும் ஒன்றுதான். முடிவெடுக்கும் வரை அந்த விவரத்தைக் கல்லூரி மறைத்து வைக்க முடியும், மறைக்கிறார்கள். பெயரும் பெற்றோர் பெயரும் தெரியத்தான் போகிறது. அதை ஒளிக்க முயல்வது வீண். கெடுதல் நடப்பது 650 சொல் கட்டுரையில். 'அப்பா இரண்டு பெட்டியோடு வந்தார், பள்ளியில் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தார்கள்' என்ற கட்டுரை அலுவலர் மேசைக்கு அன்றாடம் வருகிறது. ராபர்ட்ஸ் திறந்த வாசல் அடையாளத்துக்கு அல்ல, அந்த அடையாளத்தால் நீங்கள் செய்த ஒன்றுக்கு. பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்ததை எழுதுவதென்றால், எந்த மருந்தின் அளவை எப்படிச் சொல்லிப் புரியவைத்தீர்கள் என்பதுவரை போக வேண்டும். செயல்பாட்டுப் பட்டியலில் பத்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துதான். பத்தையும் நிரப்புவதற்காகச் சங்கங்களில் சேர்வது பயன் தராது.

கலிபோர்னியாவில் வசிப்பவர்கள் அரசுப் பல்கலைக்கழகத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். அங்கே எஸ்.ஏ.டி. பார்ப்பதில்லை, வாரிசு முன்னுரிமை இல்லை, இனம் முப்பது ஆண்டாக இல்லை. பள்ளியில் முதல் 9 விழுக்காட்டில் இருந்து மற்ற தகுதிகளும் இருந்தால் காலியிடம் உள்ள ஏதோ ஒரு வளாகத்தில் இடம் கிடைக்கும். அது பெர்க்லியாக இருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

தனியார் கல்லூரிகளைப் பொறுத்தவரை, அவர்களே ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைப் பெயரோடு தேடி எடுங்கள். சி7 என்ற அட்டவணையில் பள்ளி மதிப்பெண், தேர்வு, கட்டுரை, பழைய மாணவர் உறவு, குடும்பத்தின் முதல் பட்டதாரி என ஒவ்வொன்றுக்கும் மிக முக்கியம், முக்கியம், பார்ப்போம், பார்ப்பதில்லை என்று நான்கில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். சி9-இல் சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.டி. வரம்பு. சி21-இல், கட்டாயம் சேர்வேன் என்று வாக்களித்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழியில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு இடம் என்று இருக்கும். அதில் கிடைக்கும் விகிதம் பெரும்பாலும் பொது வழியைவிட அதிகம். ஆனால் அங்கே சேர்க்கப்படும் விளையாட்டு வீரர்களும் வாரிசுகளும் அந்த விகிதத்தை உப்ப வைக்கிறார்கள். மேலும் அந்த வழியில் போனால் நிதியுதவியை இன்னொரு கல்லூரியோடு ஒப்பிட்டுப் பேசும் வாய்ப்பு போய்விடும். எச்6-இல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகையின் சராசரி. சி7-இல் 'பழைய மாணவர் உறவு: பார்ப்போம்' என்று இருந்தால், அது எவ்வளவு என்பதற்கு எண் எங்கும் இருக்காது.